மண்டபம் கரையில் ஒரு பாய்ப்படகு

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோ மீட்டர் பயணம் செய்தால் மண்டபம் வரும். பெரும்பாலோர் இந்த ஊரைப் பேருந்தின் சன்னல் வழியாகவே பார்த்திருப்பீர்கள். அடுத்து வரும் பாம்பன் பாலத்தைக் காணும் ஆவலில் இவ்வூரைக் கவனியாமல் கடந்து விடுவது வழக்கம். ஒரு முறையேனும் இங்கே இறங்கி நடந்து பாருங்கள். நிலம் இங்கே ஒரு நாக்கைப் போல ஒடுங்கிக் கடலுக்குள் நீள்கிறது. வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கரையில் கால் நனைத்துவிட்டுச் சற்று நேரம் நடந்தால் மறு கரையில் கால் நனைக்கலாம்.

இவ்விரு கடல்களும் உடன்பிறந்தவை என்றாலும் குணத்தால் வேறுபட்டவை. வடபுறத்துக் கடல் ஆழம் குறைந்தது, அலை அடங்கியது. அதனைப் பெண் கடல் என்றும், சீற்றம் மிகுந்த தென்புறத்துக் கடலை ஆண் கடல் என்றும் இப்பகுதி மீனவர்கள் அழைக்கின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க, நிலத்தின் மறைவில் வடகடல் அமைதியாக இருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் நிலைமை தலைகீழாக மாறும். ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு பக்கம் படகு விடத் தோதாக இருப்பது இவ்வூருக்கு வாய்த்த நற்பேறு.

ஹிஜ்ரி 1446, ஷவ்வால் மாதத்தில், பெருநாள் முடிந்து மதரஸா மீண்டும் திறப்பதற்கு முன் கிடைத்த சில நாட்களை இவ்வூரில் என் தங்கை வீட்டில் கழித்தேன். 1914இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டபின், இரயில்கள் கடலைக் கடக்காமலேயே இருந்தன. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் கடக்கும்போது அதன் நடுப்பகுதி அப்படியே மேலெழும்பி வழி விடுகிறது. ஊர் முழுவதும் அதே பேச்சாக இருந்தது. ஆனால் நான் இங்கே உங்களிடம் சொல்ல வந்தது பாலத்தைப் பற்றி அன்று. வடகரையில் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகையில், இரண்டு பழைய லாரி டயர்களின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு படகைப் பற்றி.

அதற்கு முன் இக்கரையின் படகுகளைப் பற்றிச் சிறிது அறிந்து கொள்வது நல்லது. பாக் நீரிணையில் வத்தை எனப்படும் தட்டையான அடியுடைய மரப்படகுகள் பாய் விரித்து ஓடிய காலம் ஒன்று உண்டு. காற்று வலுத்துப் படகு சாயும்போது, குறுக்கே வெளியில் நீட்டிய பலகையின்மேல் ஆட்கள் ஏறி அமர்ந்து, தங்கள் உடல் எடையால் அதை நிமிர்த்துவார்கள். சற்றுத் தொலைவில் உள்ள கீழக்கரையிலிருந்துதான் 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் மரக்கலங்கள் வாணிபத்துக்குப் புறப்பட்டன. மரக்காயர் என்னும் பெயரே மரக்கலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது நம் குடும்பங்களில் அறியாதார் இல்லை.

அக்கால வாழ்வின் சுவடு நாம் பேசும் மொழியிலும் எஞ்சியிருக்கிறது. படகைத் திருப்பும் சுக்கானுக்கு அரபியிலும் 'சுக்கான்' என்றே பெயர். பலகை மூட்டுகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து நீர் புகாமல் அடைப்பதை நம் தச்சர்கள் 'கலப்பற்று' என்பார்கள். அதே வேலையைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'கல்ஃபத்த' என்பதன் ஒலி இதனோடு ஒத்திருப்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது மாலுமி என்னும் சொல். 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லே தமிழில் மாலுமி ஆயிற்று. முஅல்லிம் என்றால் ஆசிரியர். இந்துமாக் கடலில் கலம் செலுத்திய அரபு மக்கள் வழிகாட்டும் மீகாமனையும் அப்பெயராலேயே அழைத்தார்கள். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவனும் கலத்தைக் கரை சேர்ப்பவனும் ஒரே பெயருக்கு உரியவர்கள் என்பது, இத்தொழிலில் இருக்கும் எனக்கு மகிழ்ச்சியையும் சற்று அச்சத்தையும் ஒருசேரத் தருகிறது.

இன்று கரையில் மரப்படகுகளைவிட ஃபைபர் படகுகளே மிகுதி. கண்ணாடியை நூலாக இழுத்து, அந்நூலைப் பாயாக்கி, அதில் ரெசின் என்னும் பிசினை ஊற்றி இறுகச் செய்தால் கிடைப்பதே ஃபைபர். 1940களில் அமெரிக்காவில் இவ்வகைப் படகுகள் தோன்றின. நம் கரையில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகப் பெரும் எண்ணிக்கையில் இவை வழங்கப்பட்டன. மரத்தைக் கரையான் தின்னும், கடற்புழு துளைக்கும். ஃபைபருக்கு அந்தப் பகைகள் இல்லை. ஆனால் வேறொரு தொல்லை உண்டு. பழுதான மரப்படகு விறகாகும், மக்கி மண்ணாகும். ஒருமுறை இறுகிய ரெசினையோ உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. ஆகவே உடைந்த ஃபைபர் படகுகள் ஊருக்கு ஊர் கரையோரங்களில் அப்படியே கிடக்கின்றன. பழுது பார்த்துப் பயன்படுத்துவது சிக்கனம் மட்டுமன்று. கரையைக் காப்பதும் ஆகும்.

கொட்டகையில் இருந்த படகு மீன்பிடிப் படகு அன்று. ஒருவர் தனியே அமர்ந்து, ஒரே பாயால் செலுத்தும் விளையாட்டுப் படகு. லேசர் என்பது அதன் பழைய பெயர். 2019 முதல் அவ்வகைப் படகை இல்கா என்கிறார்கள். கனடா நாட்டுப் புரூஸ் கிர்பி என்பவர் வரைந்த இப்படகு 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்து, உலகெங்கும் இரண்டு இலட்சத்துக்கு மேல் கட்டப்பட்டுள்ளது. 1996 முதல் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறுகிறது. நீளம் 4.2 மீட்டர், பாயும் மரமும் நீங்கலாக எடை 59 கிலோ. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், இந்தியாவிலிருந்து பாய்மரப் படகுப் போட்டிக்காக ஒலிம்பிக் சென்ற முதல் பெண் என்ற பெருமையை இவ்வகைப் படகிலேயே பெற்றார். ஹாங்சோ நகரில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டில் விஷ்ணு சரவணன் இதிலேயே வெண்கலம் வென்றார்.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய நான்கு இளைஞர்கள் சேர்ந்து இதனை வாங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் துபாயில் படகுகளைக் கழுவித் துடைக்கும் வேலையில் இருந்தவர். வேலை முடிந்த நேரங்களில் பாய் பிடிக்கவும் கற்றுக் கொண்டவர். கடலோரத்தில் பிறந்தும் கடலில் இறங்கத் தெரியாத சிறுவர்கள் ஊரில் பெருகிவிட்டார்கள் என்பது அவர்களுடைய கவலை. கோடை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நீச்சலும் பாய்ப்படகும் கற்பிக்க வேண்டும் என்பது திட்டம். வெளியூர் ஒருவரிடமிருந்து குறைந்த விலைக்குப் படகு கிடைத்தது. பல மாதங்கள் நீரிலேயே கட்டிப் போடப்பட்டிருந்த படகு அது.

வேலைக்கு அமர்த்தப்பட்டவர் பாம்பனைச் சேர்ந்த ஃபைபர் மேஸ்திரி. ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஏப்ரல் 15ஆம் நாள் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அந்த 61 நாட்களும் விசைப்படகுகள் பழுது பார்க்கப்படுவதால் மேஸ்திரிக்கு ஓய்வே இராது. ஆகவே அதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று இளைஞர்கள் அவசரப்பட்டார்கள். "மேலாகப் பட்டி வைத்து ஒரு பெயிண்ட் அடித்துக் கொடுத்து விடுங்கள் அண்ணே, பார்க்கப் புதுசாக இருந்தால் போதும்" என்றார் ஒருவர். "கழுவிப் பார்த்துட்டுச் சொல்றேன் தம்பி" என்பதே மேஸ்திரியின் பதிலாக இருந்தது.

எந்தப் படகைப் புதுப்பிப்பதானாலும் முதல் வேலை கழுவுவதுதான். அடிப்புறம் முழுவதும் கொட்டலசு ஒட்டியிருந்தது. சிப்பி ஓடு போன்ற கூட்டுக்குள் வாழும் இச்சிற்றுயிர், தானே சுரக்கும் பசையால் தன்னைப் படகோடு பிணைத்துக் கொள்கிறது. காய்ந்துவிட்டால் எளிதில் விடாது. ஆகவே கோணியை நனைத்துப் போர்த்தி ஊறவைத்து, முனை மழுங்கிய மரச் சீவுளியால் மெல்லப் பெயர்த்தார்கள். இரும்புத் தகட்டால் சுரண்டினால் கொட்டலசுடன் படகின் மேல்தோலும் போய்விடும். ஜெல்கோட் எனப்படும் அந்தப் பளபளப்பான மேல்தோலின் கனம் ஏறத்தாழ அரை மில்லி மீட்டரே. அதுதான் நீரைத் தடுக்கும் அரண். பின்பு நன்னீரும் சோப்பும் இட்டுத் தேய்த்தார்கள். சுக்கான் மாட்டும் கொண்டிக்குக் கீழே படிந்திருந்த துருக்கறை ஆக்சாலிக் அமிலக் கரைசல் பட்டதும் மங்கி மறைந்தது. கையுறை அணிந்தே அதனைத் தொட வேண்டும். வேலை முடிந்ததும் நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும்.

கழுவிய பின் மேஸ்திரி படகை மீன் ஏலக் கூடத்துத் தராசுக்குத் தூக்கி வரச் சொன்னார். 74 கிலோ காட்டியது. இருக்க வேண்டியதைவிடப் பதினைந்து கிலோ மிகுதி. "இந்தப் பாரம் எங்கேருந்து வந்துச்சு?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

வாசகர்களே, இப்படகின் அமைப்பை இங்கே விளங்கிக் கொள்ள வேண்டும். அடி ஒரு வார்ப்பு, மேல்தட்டு ஒரு வார்ப்பு. இரண்டையும் விளிம்பில் ஒட்டி மூடிவிடுவதால் உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடமே படகை மிதக்க வைக்கிறது. பின்புறத்தில் ஒரு சிறு துளை, அதற்கொரு தக்கை. தக்கையைக் கழற்றி அணியத்தை உயர்த்தியபோது கலங்கிய உப்புநீர் கொட்டியது. எல்லாம் வடிந்த பின்னும் எடை முழுதாகக் குறையவில்லை. நீர் ஃபைபரின் இழைகளுக்குள்ளேயே ஊறியிருந்தது.

எங்கிருந்து புகுந்தது? பாய்மரத்தை நிறுத்தும் குழியில் மேஸ்திரி ஒரு செம்பு நீரை ஊற்றி, மட்டத்தைப் பென்சிலால் குறித்தார். பத்து நிமிடத்தில் நீர் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. இப்படகின் பாய்மரத்தைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்துக் கம்பிகள் கிடையா. காற்றின் விசை முழுவதையும் அந்தக் குழி ஒன்றே தாங்க வேண்டும். அதன் அடி விட்டுப் போயிருந்தால், பலத்த காற்றில் மரம் மேல்தட்டைப் பிளந்து கொண்டு சாயும். இல்லையேல் நீர் சிறிது சிறிதாக உள்ளே சேரும். வெளியே வெண்மையாக மின்னும் படகு, கரையிலிருந்து தொலைவில் சென்ற பிறகு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் திடீரெனக் கனத்துப் போகும். பெயிண்ட் இதில் எதையும் தடுக்காது. மறைக்க மட்டுமே செய்யும்.

அடுத்து, ஒரு நாணயத்தால் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டிங்' என்ற தெளிவான ஓசை. அடுக்கு விட்ட இடத்தில் பொத்தென்ற ஓசை. அப்படி மூன்று இடங்கள். அணியத்தின் அருகே அம்மைக் கொப்புளம் போல் சில புடைப்புகள் இருந்தன. ஒன்றைக் குத்தித் திறந்தபோது காடி வாடை வீசும் நீர் கசிந்தது. நீண்டநாள் நீரில் கிடக்கும் ஃபைபருக்கு வரும் நோய் இது. நீர் மேல்தோலை ஊடுருவிச் சென்று, உள்ளே இறுகாமல் எஞ்சிய பொருள்களைக் கரைத்துக் கொண்டு, பின்னர் மேலும் நீரை உறிஞ்சி வீங்குகிறது. வெயிலில் ஓரிரு நாள் வைத்து மேலே பூசினால், சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் எழும்.

மேஸ்திரி முடிவைச் சொன்னார்: "திறந்து, கழுவி, நல்லாக் காய விடணும். தடைக்காலத்துக்கு முன்ன முடியாது. அவசரம்னா வேற ஆளைப் பாருங்க. பட்டி வச்சு மூடி என் கையால தர மாட்டேன்." சொன்னது இவ்வளவே. இளைஞர்களுக்கு முகம் வாடிவிட்டது. விடுமுறை போய்விடும், பெற்றோர்களிடம் சொல்லியாயிற்று, கைப்பணமும் மட்டு. அன்று மாலை என் மச்சான் கடைத் திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் வாதிட்டார்கள். துபாயில் இருந்து வந்தவரே இறுதியில், "முதல் நாள் என் மகனை இதில் அனுப்ப வேண்டும். பட்டி வைத்த படகில் அனுப்ப மாட்டேன்" என்றார். அத்துடன் வாதம் முடிந்தது. மறுநாள் வீடு வீடாகச் சென்று, இவ்விடுமுறையில் நீச்சல் மட்டுமே, படகு பிறகு என்று சொல்லி வந்தார்கள்.

வேலை நடந்த முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். உங்கள் ஊரில் ஃபைபர் தொட்டியோ படகோ பழுதானாலும் இது பயன்படும்.

பாய்மரக் குழிக்கு அருகே மேல்தட்டில் ஒரு சாண் அகலத்துக்கும் குறைவாக வட்டமாகத் துளையிட்டார்கள். அதன் வழியே உள்ளே காற்றுச் செலுத்தி உலர்த்தினார்கள். மிதப்புக்காக உள்ளே வைக்கப்பட்டிருந்த காற்றடைத்த பிளாஸ்டிக் கலன்களில் இரண்டு சப்பிப் போயிருந்தன, அவற்றை மாற்றினார்கள். கொப்புளங்களை எல்லாம் திறந்து நன்னீரால் பலமுறை கழுவி, நிழலில் ஆறவிட்டார்கள். படகை வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்தார்கள். எடை குறைவது நின்றால்தான் உலர்ந்தது என்று பொருள். அது 62 கிலோவில் வந்து நின்றது.

குழியின் அடியைத் துளை வழியே கைவிட்டுச் சுரண்டித் தூய்மை செய்து, எபாக்சிப் பிசினும் கண்ணாடித் துணியும் கொண்டு சுற்றிலும் கட்டினார்கள். துளைக்குத் திருகு மூடி பொருத்தினார்கள். இனி எப்போது வேண்டுமானாலும் திறந்து உள்ளே பார்க்கலாம். அடுக்கு விட்ட இடங்களைக் கிரைண்டரால் தேய்த்து, கிண்ணம் போலச் சரிவாக்கினார்கள். கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு அமைய வேண்டும் என்பது கணக்கு. அப்போதுதான் புதிய ஒட்டு பழையதைப் பற்றிக் கொள்ளும். மேட் என்னும் கண்ணாடி இழைப் பாயைத் துண்டு துண்டாக வெட்டி, ரெசினில் தோய்த்து அடுக்கி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார்கள். குமிழி தங்கிய இடத்தில்தான் நாளை நீர் தங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ரெசின் இறுகுவதற்குக் கோபால்ட் என்னும் ஊக்கியும் ஹார்ட்னர் என்னும் திரவமும் சேர்ப்பார்கள். இவ்விரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றி வெடிக்கக் கூடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலக்கிய பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். அதுவும் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு அளவே. ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலில் அரிப்பையும் நுரையீரலில் கெடுதலையும் உண்டாக்கும். மேஸ்திரி முகமூடியும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் கொட்டகைக்குள் எவரையும் விடவில்லை. தூளைத் தார்ப்பாயில் சேர்த்து மூட்டையாகக் கட்டினார். ஒரு பிடியைக்கூடக் கடலில் தட்டவில்லை. தெற்கே பவளப்பாறைகளும் 21 தீவுகளும் கொண்ட தேசியப் பூங்கா 1986 முதல் இருக்கிறது. அந்தக் கடல்தான் தங்களுக்குச் சோறு என்பதை இவ்வூரார்க்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

கடைசி வேலை மேல்தோல். நிறம் கலந்த ஜெல்கோட்டைப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுக்கும். இறுகிய பின் நீர் தொட்டு 400, 600, 800, 1200 என மேலும் மேலும் நுண்ணிய உப்புத்தாள்களால் தேய்த்து, மெருகுக் களிம்பு இட்டு, மெழுகு பூசி முடித்தார்கள். ஓட்டி முடித்தவுடன் கரையேற்றி வைக்கும் சிறு படகுக்குக் கொட்டலசைத் தடுக்கும் நச்சுப் பூச்சு தேவையில்லை. ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவி, தக்கையைக் கழற்றி, நிழலில் கவிழ்த்து வைத்தால் போதும்.

இவற்றில் முற்பகுதியை நான் நேரில் கண்டேன். மதரஸா திறந்துவிட்டதால் பிற்பகுதியை மச்சான் தொலைபேசியில் சொல்லக் கேட்டேன். தடைக்காலத்தில் வேலை ஓய்ந்த மாலைப் பொழுதுகளில் மட்டுமே மேஸ்திரி வந்து செய்து கொடுத்தார். ஜூன் மாத இறுதியில் வடகடல் அமைதியாக இருந்த ஒரு காலையில் படகு நீரில் இறங்கியது. முதலில் துபாய்க்காரர் தனியே ஒரு மணி நேரம் ஓட்டினார். காற்று வலுத்தபோது படகின் விளிம்பில் அமர்ந்து, உடலை வெளியே சாய்த்து அதனை நிமிர்த்தினாராம். கரையில் நின்ற முதியவர் ஒருவர், "நம்ம வத்தையில பலகை போட்டு ஏறுவோமே, அதே கணக்குத்தான்" என்று சொன்னாராம். கரைக்கு வந்ததும் மேஸ்திரி தக்கையைக் கழற்றிப் பார்த்தார். ஒரு தேக்கரண்டி அளவு நீர் வந்தது. அதன் பிறகே மிதவைச் சட்டை அணிந்த மகனைத் தந்தை படகில் ஏற்றினார்.

இராமேசுவரம் பக்கம் நீங்கள் செல்ல நேர்ந்தால், பாலத்தைப் பார்க்கும் முன் மண்டபத்தில் இறங்கி வடகரைக்கு ஒரு நடை சென்று வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கொட்டகைகளில் கவிழ்ந்து கிடக்கும் படகுகளை நாணயத்தால் தட்டி ஓசை கேட்கச் சொல்லுங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தட்டுவது நலம். மாலை நேரமாயின், பதினைந்து அடி நீளமும் இல்லாத ஒரு வெண்ணிறப் படகு பாய் விரித்து வருவதையும் இன்ஷா அல்லாஹ் காண்பீர்கள்.